முக்காட்டில் விரல் பட்ட நான்கு இடங்கள்

குன்னூரில் எங்கள் கன்னியர் மடத்து வரவேற்பறைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி வரப்போகிறது. பழைய லேஸ் முக்காட்டை அதற்குள் விரித்து வைக்கப் போகிறார்கள். பழந்துணிகளைப் பற்றிப் படித்த அம்மா ஒருவர் கோவையிலிருந்து வந்து அதைப் பார்த்தாராம். எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு, ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்க மட்டும் நாலு எடத்துல நூல் இழுத்துக்கிட்டு சுருங்கியிருக்கே, இத ஏன் சரி பண்ணாம விட்டீங்க?" என்று கேட்டாராம். லேஸ் அறையை இப்போது பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் அனிதாவுக்குப் பதில் தெரியவில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஸ்டெல்லா அக்கா, ஒரு மணி நேர வேலைதான்னு சொன்னாங்க. பெட்டி வர்றதுக்குள்ள நீங்களே பண்ணிக் குடுத்துருங்களேன்."

"நான் பண்ண மாட்டேனுங்க சிஸ்டர்."

முப்பத்து நான்கு வருடத்தில் அந்த அறைக்குள் நின்று ஒரு வேலையை மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் கோபப்படவில்லை. "அப்ப ஏன்னு எழுதியாவது குடுங்க. நம்ம பங்குப் பத்திரிகை ஆலய மலர்ல போட்டுடலாம்" என்றார். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு நெஞ்சுச் சளி வந்து படுத்ததும், தோட்டத்தில் அம்மா பெயரில் கொழுந்து பறிக்க நான் போனேன். பள்ளிக்கூடம் அப்படி நின்றது. இரண்டு வருடம் பறித்தேன். பிறகு மடத்தில் லேஸ் போட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் ஜெசிந்தா, நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பட்டு நூலை எடுத்து என் விரல் நுனிகள் மேல் மெல்ல இழுத்தார். நூல் ஒவ்வொரு விரலிலும் மாட்டி மாட்டி நின்றது. கொழுந்து பறிக்கிறவர்களின் விரல் அப்படித்தான். நுனியில் தோல் வெடித்து, வெடிப்புக்குள் கறை ஏறி, அரம் மாதிரி இருக்கும்.

"ஒரு மாசம் எண்ணெய் தேச்சு, துணி சுத்திட்டுப் படு. கை ஒத்துக்கிட்டா வேலை. கேட்டியா பிள்ளே?" என்றார்.

அந்த ஒரு மாதமும் கை ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்று பயந்து, இரவில் எழுந்து எழுந்து விரலைத் தடவிப் பார்த்தேன். ஒத்துக்கொண்டது.

கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உருண்டையான கெட்டித் தலையணை மேல் துளை போட்ட அட்டையை வைத்து, துளைக்கு ஒரு குண்டூசி குத்தி, பாபின் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் ஒரு விரல் நீளம் வரும். நன்றாக வந்தால்தான் அது. நான் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை பார்ப்பேன். என் பக்கத்தில் உட்காரும் பிலோமினா அக்கா, "ஏ புள்ள, உனக்கு ஒரு நாள் பயமே இல்லாமப் போச்சுன்னா, அய்யய்யோ பயத்தக் காணமேன்னு பயந்துக்குவ" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

சிஸ்டர் ஜெசிந்தா திட்டி நான் கேட்டதில்லை. நாங்கள் முடித்ததை எடுத்துக் கருநீலத் துணி மேல் விரிப்பார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோவார். தப்பு கண்ணில் பட்டால் மூக்கு வழியாக ஒரு மூச்சு வரும். அவ்வளவுதான். அந்த மூச்சு வந்துவிடுமோ என்று நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "இதுல நூல் கொஞ்சம்தான். மிச்சம் எல்லாம் ஓட்டை. ஓட்டையை ஒழுங்கா வெக்கத் தெரிஞ்சவதான் லேஸ்காரி" என்று அடிக்கடி சொல்வார்.

எனக்குக் கை பழகியதும் பழைய துணிகளைத் துவைக்கிற வேலை என்னிடம் வந்தது. பீடத் துணிகள், பாதிரியார் அங்கியின் ஓரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த முக்காடு. மடத்தைத் தொடங்க முதலில் கப்பலில் வந்த கன்னியர்கள் கொண்டு வந்தது என்பார்கள். நூறு வருடத்துக்கு மேல் இருக்கும். யார் போட்டது என்று தெரியாது. மெஷின் லேஸில் எல்லா வலைக்கண்ணும் ஒரே அளவில் இருக்கும். இதில் அப்படி இல்லை. ஓரப் பூக்களில் ஒரு பக்கம் நூல் தளர்ந்து மெத்தென்று இருக்கும், இன்னொரு பக்கம் விறைப்பாக இருக்கும். சிஸ்டர் அந்த விறைப்பான இடத்தைக் காட்டி, "இந்த வாரம் அவளுக்கு மனசு சரியில்ல பாத்துக்க" என்பார். தெரிந்த பெண்ணைப் பற்றிச் சொல்வது போல இருக்கும். எந்த ஊரோ, என்ன கஷ்டமோ. அவள் மனசு சரியில்லாத வாரம் எங்கள் கையில் இருந்தது.

துவைக்கிற முறை இது. ஒரு பெரிய கண்ணாடிச் சீசாவுக்கு வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, அதன் மேல் முக்காட்டைச் சுருக்கம் இல்லாமல் சுற்றி, மேலே இன்னொரு மெல்லிய துணி சுற்ற வேண்டும். மழைத் தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரை கலந்து சீசாவை அப்படியே முக்கி வைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, பிழியக் கூடாது. தண்ணீரை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு ஈரத்தோடு பலகையில் விரித்து, பூவுக்குப் பூ பித்தளைக் குண்டூசி குத்தி, காற்றில் காய விட வேண்டும். இஸ்திரிப் பெட்டியைக் காட்டவே கூடாது. ஒரு ஆடி மாதம் பித்தளை ஊசி ஒன்று குறைந்ததால் இரும்பு ஊசி ஒன்றைக் குத்திவிட்டேன். குன்னூர் ஈரத்தில் விடிவதற்குள் துரு இறங்கிவிட்டது, மிளகு அளவுக்கு. எலுமிச்சையும் உப்பும் தடவி வெயில் காட்டினால் போகும். ஆனால் ஆடி மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஒன்பது நாள், மேகம் விலகும்போதெல்லாம் பலகையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். பத்தாம் நாள் கறை போனது. சிஸ்டர் பார்த்துவிட்டு, "துருவும் போச்சு, நீயும் பாதியாப் போயிட்ட" என்றார்.

முக்காடு இரண்டு காரியத்துக்குத்தான் வெளியே போகும். வருடத்துக்கு ஒரு தடவை புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளின் வரிசையில் கடைசிப் பெண் அதை அணிவாள். புதுநன்மை வாங்குவதற்கு முன்பே ஒரு பெண்பிள்ளை இறந்துவிட்டால், வீட்டிலிருந்து கல்லறை வரைக்கும் அவள் தலையில் இருக்கும். சவப்பெட்டியை மூடும் முன் எடுத்துவிட வேண்டும்.

இந்த இரண்டாவதற்கு எப்போதும் சிஸ்டர் ஜெசிந்தாதான் போவார். இரண்டு தடவை கூடப் போய் அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் போனதும் ஜெபம்கூட அப்புறம்தான். முதலில் பிள்ளையின் அம்மா பக்கத்தில் தரையில் உட்காருவார். கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்வார்: "இது மடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ளது. உன் பிள்ளைக்கு இன்னைக்கு. கல்லறையில நான் எடுக்க மாட்டேன். நீதான் உன் கையால எடுத்து எனக்குத் தரணும். தருவியா?" அந்த அம்மா தலையாட்டும் வரை காத்திருப்பார். ஒரு தடவை முக்கால் மணி நேரம் காத்திருந்தார். தலையாட்டிய பிறகுதான் முக்காட்டைப் பையிலிருந்து வெளியே எடுப்பார். கல்லறையில் அந்த அம்மாவே எடுத்து, முத்தமிட்டு, கொடுப்பார்.

ரோசலின் வீட்டுக்கு நான் தனியாகப் போக வேண்டி வந்தது.

ரோசலின் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அவள் அப்பா அம்மா சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். அவளுடைய ஒரே பெண் ஜெனி. அந்த வருடம் புதுநன்மைப் பிள்ளைகளில் ஜெனிதான் கடைசி. அளவு பார்ப்பதற்காக முக்காட்டை எடுத்துக்கொண்டு சிஸ்டரும் நானும் அந்த எஸ்டேட் சிற்றாலயத்துக்குப் போயிருந்தோம். தலையில் போட்டு ஊசி குத்தியபோது ஜெனி அசையாமல் நின்றாள். பிறகு ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இதுல எத்தன ஓட்ட இருக்கு?"

"யாரு எண்ணுனாங்க சாமி?"

"முப்பத்தி நாலு, முப்பத்தி அஞ்சு... பேசாதீங்கக்கா, தப்பிரும்."

சிஸ்டர் எடுக்கச் சொல்லும் வரை எண்ணினாள். "முந்நூத்திப் பன்னெண்டு. ஞாபகம் வெச்சிக்கங்க. மிச்சத்த புதுநன்மை அன்னிக்கி எண்ணிக்கிறேன்" என்றாள். ரோசலின் வாசலில் நின்று, "பூசைய விட்டுட்டு ஓட்டைய எண்ணிக்கிட்டு இருப்பியாடி?" என்று சிரித்தாள்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் பிள்ளை இல்லை.

சேதி வந்தபோது சிஸ்டர் ஜெசிந்தா படிக்கட்டில் சறுக்கி விழுந்து, கால் வீங்கிக் கட்டிலில் இருந்தார். "நீ போயிட்டு வா. முறை தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். கோத்தகிரி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து எஸ்டேட் ஜீப்பில் போனேன். மழை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் சிஸ்டர் சொல்லும் அந்த வாக்கியத்தையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பது போல.

எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவள் வீட்டில் கூட்டம். பிள்ளையைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுனையே போட்டிருந்தார்கள். ரோசலின் அழவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து பிள்ளையின் காலுறையை மேலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்தேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "கொண்டாந்துட்டீங்களாக்கா?" என்றாள். அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் மாதிரி ஒன்று இருந்தது. அதைக் கேட்டதும் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது வாயில் வரவில்லை. இப்போது சொன்னால் அழுதுவிடுவாளே, கூட்டம் என்னைத்தானே பார்க்கும், கொஞ்சம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். முக்காட்டை எடுத்துப் போட்டுக் குத்தினேன். அவள் ஓரத்தைச் சரி செய்தாள். "நல்லா இருக்குடி" என்று பிள்ளையிடம் சொன்னாள்.

கொஞ்சம் கழித்து ஜெபம் தொடங்கிவிட்டது. பிறகு பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். பாதை சேறு, எல்லோரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தோம். நடக்கும்போது சொல்லலாம் என்று இரண்டு தடவை அவள் பக்கத்தில் போனேன். சொல்லவில்லை.

குழிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தார்கள். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். மழையில் நனையாமல் குடை பிடித்தார்கள். நான் குனிந்து ஊசியை எடுத்தேன். முக்காட்டைத் தூக்கப் போகும்போது ரோசலின் ஒரு கையால் அதன் ஓரத்தைப் பிடித்தாள்.

"ஏங்க்கா எடுக்கறீங்க?"

"திருப்பிக் கொண்டு போகணும்மா."

"இது அவளோட போவட்டும்கா. அவ எண்ணணும்னு சொன்னா."

கருநீலத் துணியும், சிஸ்டரின் மூக்கு வழியாக வரும் மூச்சும்தான் அப்போது என் மனதில் இருந்தன. கடவுள் முன்னால் சொல்கிறேன், பிள்ளை என் மனதில் இல்லை. நான் சொன்னது இதுதான்: "விடும்மா, கிழிஞ்சிரும்."

உடனே விட்டாள். கிழிந்துவிடும் என்றதும் பயந்துபோய்க் கையை விரித்துவிட்டாள். ஆனால் முக்காடு அவள் கையை விடவில்லை. வெடித்த விரல் நுனிகளில் நூல் மாட்டிக்கொண்டிருந்தது. நான்கு விரல். இழுத்தால் வலை அறுந்துவிடும். அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, வெடிப்புக்குள் இருந்து நூலை நகத்தால் தள்ளித் தள்ளி எடுத்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கையை அசைக்காமல், மூச்சுகூட விடாமல் வைத்திருந்தாள். சுண்டு விரல்தான் கடைசி. அதுவும் வந்த பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"கிழிக்கலைக்கா. பாருங்க, கிழிக்கல."

அதற்குப் பிறகு மூடியை வைத்தார்கள்.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். சிஸ்டர் கட்டிலிலேயே கருநீலத் துணியை விரிக்கச் சொன்னார். நான்கு இடத்தில் கண்கள் நீண்டு, சுற்றிலும் வலை சுருங்கியிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார். மூக்கு வழியாக அந்த மூச்சு வரவில்லை. "என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன்.

"வீட்டுல வெச்சு அவகிட்ட சொன்னியா?"

"இல்லைங்க சிஸ்டர்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சுங்க."

"யாரைப் பாத்து?"

உங்களைப் பார்த்து என்று எப்படிச் சொல்ல? அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அந்த நான்கு இடத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். "அவ கேட்டப்ப விட்டுட்டு வந்திருந்தா என்ன செய்திருப்பீங்க சிஸ்டர்?" என்று நானே கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"தெரியல பிள்ளே. நல்லா செய்திருப்பேன்னு சொல்ல ஆசைதான். தெரியல."

மறுநாள் நான் இழுப்பைச் சரி செய்ய ஊசியை எடுத்தபோது வேண்டாம் என்றார். "பூவு போட்டவ மனசு சரியில்லாதது இதுல இருக்குல்ல. இதுவும் இருக்கட்டும்." அன்றிலிருந்து அந்த இடத்தில் யாரும் ஊசி வைத்ததில்லை. அவர் இறந்த பிறகும் நான் வைக்கவில்லை. கோவை அம்மாவுக்கு இதுதான் பதில்.

அத்தோடு முடிந்திருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். அன்றிலிருந்து வேலை நேரம் முடிந்து ஒரு மணி நேரம் நான் தனியாக ஒரு லேஸ் பட்டி போட ஆரம்பித்தேன். ஜெனியின் தலையை இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை சுற்றும் நீளம். முக்காட்டின் ஓரப் பூவையே அட்டையில் குத்தி எடுத்தேன். சிஸ்டர் கேட்காமலே நூல் கொடுத்தார். பிலோமினா அக்காகூடக் கேலி செய்யவில்லை. ஆறு மாதம் ஆனது.

கல்லறைத் திருநாளன்று சிஸ்டரும் நானும் கீழ் கோத்தகிரிக்குப் போனோம். ரோசலின் குழிமேட்டைச் சாணம் போட்டு மெழுகி, சாமந்தி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நான் பட்டியை எடுத்து நீட்டி, ஜெனிக்குப் போட்டது என்று சொன்னேன்.

வாங்கவில்லை. "இதயும் திருப்பிக் குடுக்கணுங்களாக்கா?" என்று கேட்டாள்.

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை, இது அவளுக்கே என்றேன். நம்பாமல் சிஸ்டர் முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் தலையாட்டிய பிறகு வாங்கி, மேட்டின் தலைப்பக்கம் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். மழை பிடித்துக்கொண்டது. வெள்ளை நூலில் மண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மக்கிப் போயிருமேக்கா" என்றாள்.

சிஸ்டர்தான் சொன்னார். "மக்கட்டும் மக்களே. அதுக்குத்தான் கொண்டு வந்தோம்."

ரோசலின் ஒரு மூலைக் கல்லைச் சரியாக நகர்த்தி வைத்தாள். பிறகு, எங்கள் யாரையும் பார்க்காமல், "அப்ப அன்னிக்கே விட்டிருக்கலாமே" என்றாள்.

நான் கீழே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் குடையைக் கொண்டுவந்து என் தலைக்கு மேல் பிடித்தாள்.

"எந்திரிங்கக்கா. சிஸ்டர் வேற நனையறாங்க. வீட்டுக்கு வந்து சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

போனோம். அடுப்பு மூட்டிப் பாலில்லாத தேநீர் போட்டுக் கொடுத்தாள். மூன்று பேரும் குடித்தோம்.